கடைத்தெருவுக்குப் பேரீச்சம்பழம் வந்த நோன்பு

என் உத்தியோகத்தின் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. வேலைக் கடிதத்தில் அலுவலக உதவியாளர் என்று போட்டிருந்தார்கள். ஆனால் நான் உதவி செய்ததாக அங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள். என்னைச் சம்பளத்துக்கு வைத்தது கதிரையில் உட்கார்ந்து இருப்பதற்கு. காலையில் வந்து இருக்க வேண்டும். பின்னேரம் எழும்பிப் போக வேண்டும். இடையில் செத்துப்போகக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

கல்முனையில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம் இருந்தது, நாங்கள் கந்தோர் என்போம். கைபேசியில் விளையாடுகிற விளையாட்டுகளைச் செய்கிற கம்பனி. கம்ப்யூட்டர் படித்த ஆண் பிள்ளைகள் கேட்டவுடனே வந்துவிட்டார்கள். பெண் பிள்ளைகளைக் கேட்டபோது அவர்களுடைய வாப்பாமார் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: வயதான பெண் யாராவது அங்கே இருப்பார்களா? சம்பளம் எவ்வளவு என்றுகூட அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். அப்படித்தான் ஆள் தேடி என்னிடம் வந்தார்கள். கணவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள், படிப்பு ஐந்தாம் வகுப்பு. இவை எல்லாவற்றையும்விட, "அவ கதைக்க மாட்டா" என்று என் மச்சி சொன்னதுதான் எடுபட்டது. கதைக்காமல் இருப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே வேலைக்குப் போயிருப்பேன்.

இப்போது பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உம்மா சம்பளமில்லாமல் இருக்கிறார். ஆகவே என் பதவி ஒழிந்தது. போன மாதம் ஹஸ்னா வந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்தக் காலத்துக் கந்தோர்க் கதையைக் கேட்கிறார்கள், எழுதித் தாருங்கள் மாமி என்றாள். எழுத்துப் பிழைகளை அவளே திருத்துவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் நாள் வாப்பாமார் ஒவ்வொருவராக மாடிக்கு ஏறி வந்தார்கள். யன்னலைப் பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளின் மேசையைப் பார்த்தார்கள். கடைசியாக என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஹஸ்னாவின் வாப்பா மட்டும் போகும்போது நின்று, கூட்டிப் போகிற மாதிரியே கூட்டி வர வேண்டும், நடுவில் தனியே விடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். நான் ஓம் என்று சம்மதித்தேன். என் நேர்முகப் பரீட்சை அது. அன்றிலிருந்து கம்பனி வேனில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் நான்தான்.

ஹஸ்னாவின் ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாவிட்டால் கடலோரத்தில் மூன்று ஊர்க்காரர்கள் அது தங்கள் ஊர் என்று சண்டைக்கு வருவார்கள். எழுதினால் அந்த ஓர் ஊர்க்காரர்கள் மட்டும் வருவார்கள். மூன்று ஊரும் வந்தால் அவர்களுக்குள்ளேயே அடிபட்டுக்கொள்வார்கள், எனக்கு வசதி.

எங்கள் மேலதிகாரி நௌபர் சேர். மலேசியாவில் படித்தவர். அங்கிருந்து ஒரு பட்டமும் 'சிம்பிள்' என்ற சொல்லும் கொண்டுவந்தார். பட்டத்தைச் சுவரில் மாட்டினார். சொல்லை எங்கள் தலையில் மாட்டினார். அவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. வெள்ளைப் பலகையில் எழுதுகிற பேனாவின் மூடியை வாயில் கடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். நல்ல செய்தி சொல்லும்போது கண்களை அகல விரித்து யாராவது படம் எடுக்கிறார்களா என்று பார்ப்பார். கெட்ட செய்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் கண்ணை மூடினால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம். கண் மூடியிருப்பதால் யாருக்கு என்பதை அவரும் பார்க்க வேண்டியதில்லை.

ஒருத்தி சும்மா இருக்கிறாள், அவளுக்கும் மாதம் முடியச் சம்பளம் போகிறது என்பது அவர் மனதை அரித்திருக்க வேண்டும். ஒருநாள் ஒரு கைபேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மாமி, சும்மாதானே இரிக்கீங்க. இத வெளையாடிப் பாருங்க. ஒங்களுக்கு வெளங்கினா ஒலகத்துக்கே வெளங்கும்."

அவர் அதைப் புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலில் கத்தரிக்காய் முற்றிவிட்டதா என்று அமத்திப் பார்ப்பது போலக் கண்ணாடியை அமத்தினேன். காரைதீவுப் பிள்ளை பவானி என் விரலைப் பிடித்து, தடவினால் போதும் மாமி என்று பழக்கினாள். என் பயிற்சிக் காலம் அத்துடன் முடிந்தது.

அந்த விளையாட்டுக்குப் பெயர் கடைத்தெரு. விளையாடுகிறவருக்கு ஒரு வீடு, ஒரு துண்டு வயல், ஒரு தோணி, ஒரு சின்னக் கடை கொடுப்பார்கள். நெல், மீன், தேங்காய், விறகு, கைத்தறிச் சாரம் என்று சாமான்கள் இருக்கும். வாங்கலாம், விற்கலாம், மாற்றலாம். விலையை யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லோரும் நெல்லை விற்றால் நெல் விலை தானாக விழும். யாரும் மீன் பிடிக்காவிட்டால் மீன் விலை தானாக ஏறும். ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிற ஆட்கள் ஒரே சந்தைக்குள் நிற்பார்கள். சவூதியில் இருக்கிற பையன் அங்கிருந்துகொண்டு நம்முடைய ஊரில் இல்லாத வயலுக்கு உரம் போடுவான்.

இதற்குள் ஒரு புதுச் சாமானைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. வீட்டுக்கு மருமகன் எடுப்பதைவிட அதிகம் விசாரிப்பார்கள். நௌபர் சேர் பலகையின் நடுவில் சாமானின் பெயரை எழுதி, ஒரு பக்கம் 'வரும் வழி' என்றும் மறுபக்கம் 'போகும் வழி' என்றும் எழுதுவார். எங்கே விளையும், யார் கொண்டுவருவார், எத்தனை நாளில் பழுதாகும், அதைக் கொண்டு வேறு என்ன செய்யலாம், கடைசியில் எப்படி ஊரைவிட்டு இல்லாமல் போகும். வந்த சாமான் போகாமல் நின்றால் விலை செத்துவிடும். வராமல் போய்க்கொண்டே இருந்தால் ஊர் செத்துவிடும். இதை அவர் மலேசியாவில் படித்தார். ஆனால் அங்கேயும் எல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. முதலில் எருமைத் தயிரைக் கொண்டுவந்தபோது தயிர் போகும் வழியை எல்லோரும் கவனமாக யோசித்தார்கள். தின்றால் போய்விடும். தயிர் நிரப்பி வருகிற மண்சட்டியை ஒருவரும் யோசிக்கவில்லை. தயிர் போகப் போகச் சட்டி மிஞ்சியது. ஒரு மாதத்துக்குள் கடைத்தெருவில் என் வீட்டுக்குள் நான் நிற்க இடமில்லாமல் சட்டி நிறைந்துவிட்டது. பிறகு சட்டி உடைவதற்கென்று ஒரு பையன் தனியாக எழுதினான். விளையாட்டில் அன்று உடைந்த சட்டிச் சத்தத்தில் எனக்குத் தலையிடி வந்தது.

அடுத்ததாக வந்ததுதான் பேரீச்சம்பழம். நாங்கள் ஈத்தம்பழம் என்போம். கொழும்பில் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்கிற ஒரு கம்பனி, நோன்பு மாதத்துக்குத் தங்கள் பொதியின் படத்தைக் கடைத்தெருவுக்குள் போடச் சொல்லிக் கேட்டிருந்தது. நௌபர் சேர் கண்களை அகல விரித்தபடி வந்தார். பலகையில் எழுதினார். போகும் வழி: நோன்பு திறக்கும்போது தின்பார்கள். வரும் வழி என்று எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள், பள்ளிவாசலில் கொடுப்பார்கள் என்று.

வேறு ஊரில் இந்த விளையாட்டைச் செய்திருந்தால் பேரீச்சம்பழம் கப்பலில் வரும், வியாபாரி வாங்குவார், கடையில் விற்பார் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழி நினைவிலேயே வரவில்லை. பிறந்த நாளில் இருந்து அவர்கள் கண்டது, நோன்புக்குப் பள்ளிவாசலில் காட் என்கிற குடும்ப அட்டையைக் காட்டிப் பொதி வாங்குவதைத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு காட், ஒரு காட்டுக்கு ஒரு பொதி. ஹஸ்னா அன்றைக்கே ஒரு பள்ளிவாசலை வரைந்துவிட்டாள். வாசலில் பச்சைக் கேற், உள்ளே ஒரு வேப்பமரம், மரத்தின் கீழ் ஒரு மேசை.

குடும்பம் என்றால் என்ன என்பதில்தான் வினை இருந்தது. கடைத்தெருவில் 'தனி அடுப்பு' என்று ஒரு பொத்தான் முன்பே இருந்தது. எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் மருமகன் நம் வீட்டுக்குத்தானே வருவார். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம் வேண்டும் என்பதற்காக வைத்த பொத்தான் அது. அமத்தினால் மூன்று கல் வைத்துப் புது அடுப்பு மூளும், புதுக் குடும்பம் என்று கணக்கு.

ஹஸ்னா எழுந்து கேட்டாள்.

"சேர், அடுப்பப் பிரிக்கிறதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். பக்கத்து வீட்டு ரெண்டு பேர் ஓம் எண்டு சொன்னாத்தான் புதுக் காட் எண்டு வைப்பமா?"

நௌபர் சேர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஈத்தம்பழம் பள்ளிச் சாமான் ஹஸ்னா. நம்மட ஆக்கள் பள்ளிச் சாமான்ல கை வைக்க மாட்டாங்க. சிம்பிளா வை."

அவள் சிம்பிளாக வைத்தாள். நான் என் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதானே வேலை.

சோதனை பார்த்தது நோன்பின் முதல் பத்து நாளில். சோதனை என்றால் கந்தோரில் இருக்கிற எல்லோரும் வேறு வேலையை விட்டுவிட்டு விளையாடுவது. புதுச் சாமானை வாங்கி, விற்று, பதுக்கி, பழுதாக்கி, எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். தயிர் வந்தபோது இந்தப் பையன்கள் செய்யாத அநியாயம் இல்லை. ஒருவன் தயிருக்குள் தண்ணீர் ஊற்றி விற்க வழி உண்டா என்று தேடினான். ஆனால் பேரீச்சம்பழத்தை எல்லோரும் நோன்போடு விளையாடினார்கள். ஆளுக்கு ஒரு பொதி எடுத்தார்கள். நபிக்கு ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு எடுத்தவனையும் கண்டேன். மிஞ்சியதைச் சந்தையில் கொஞ்சமாக விற்றார்கள். நான் அதையும் விற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பவானிக்கு நோன்பில்லை, அவளாவது ஏதாவது செய்வாள் என்று பார்த்தால், தனி அடுப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் முறைக்கவில்லை. கண் எரிந்தது, அதனால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நடுப் பத்தில் கடைத்தெருவுக்குள் பேரீச்சம்பழம் இறங்கியது.

நம்முடைய ஆட்கள் முதல் நாளே அடுப்பைப் பிரித்தார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு, நாலு அடுப்பு, குசினி முழுக்க அடுப்பு. மகள் இல்லாதவர்களும் பிரித்தார்கள். தனி மனிதன் ஒருவன் தன்னிடமிருந்தே தான் பிரிந்து அடுப்பு வைத்திருந்தான். ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பொதி. பொதி சந்தைக்கு வந்து குவிந்தது, விலை மணல் விலைக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அடுப்புக்கும் விறகு வேண்டும். விறகு எரியாவிட்டால் அடுப்பு அணைந்து அதன் அட்டையும் போய்விடும். ஆகவே விறகு விலை ஏறியது. ஏற ஏற ஆட்கள் தென்னையை வெட்டினார்கள். தென்னை முடிந்ததும் தோணியை உடைத்து விறகுக்கு விற்றார்கள். தோணி இல்லாததால் மீன் இல்லை, தென்னை இல்லாததால் தேங்காய் இல்லை. நோன்புப் பெருநாள் வருவதற்கு முன்பே எங்கள் கடைத்தெருவில் தின்பதற்குப் பேரீச்சம்பழத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையும் ஆட்டுக்குப் போட்டார்கள். கொழும்புக் கம்பனி தொலைபேசி எடுத்து, தங்கள் படம் போட்ட பொதியை ஆடு தின்கிறது, இதற்கா நாங்கள் உங்களிடம் வந்தோம் என்று கேட்டதாம்.

நௌபர் சேர் எங்களைக் கூட்டினார். கண் பாதி மூடியிருந்தது. ஒரு கந்தோரே சேர்ந்து சோதனை பார்த்தும் ஒருத்தருக்கும் இது தெரியவில்லையா என்று கேட்டார். நோன்போடு எப்படி சேர் என்று ஒரு பையன் சொன்னான். விளையாடுகிறவர்களுக்கும் நோன்புதானே என்றார்.  அப்போது அந்தப் பையன், பிழைத்துக்கொள்ள வேறு வழியில்லாமல், என் பக்கம் கையைக் காட்டினான்.

"மாமி பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள எப்பிடி சேர் ரெண்டாவது பொதி எடுக்கிற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. இத்தனை காலம் சும்மா இருக்கிறேன் என்று நினைத்தவர்கள், கம்பனியை முடித்தது நான் இருந்த இருப்புத்தான் என்று அன்று கண்டுபிடித்தார்கள். என்னை அனுப்பவும் முடியாது. அனுப்பினால் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். கடைசியில் கீழே புடவைக் கடையிலிருந்து மலிவான சீலை ஒன்றை எடுத்துவந்து என் கதிரைக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். நான் இருக்க வேண்டும், ஆனால் பார்க்கக் கூடாது. சீலைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் இந்த வட்டாரத்தின் நல்ல பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, நௌபர் சேரின் கட்டளைப்படி களவு பழகினார்கள். அப்போதும் ஒருவனுக்கு மனம் கேட்கவில்லை. மௌலவி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, விளையாட்டுக்குள் இரண்டாவது பொதி எடுத்தால் நோன்பு முறியுமா என்று கேட்டான். மௌலவி நெடுநேரம் யோசித்துவிட்டு, அது தின்கிற பழமா என்று கேட்டாராம். இல்லை, படம் என்றதும், அப்படியானால் நோன்புக்கு ஒன்றுமில்லை, உனக்கு வேறு வேலை இல்லையா என்று வைத்துவிட்டார்.

சீலை தொங்கிய அடுத்த நாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். ஹஸ்னாவின் ஊர்ப் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர். பள்ளிவாசலின் சொத்தும் பங்கீடும் அவர் பொறுப்பு. அந்த வருடம் அங்கே பொதி பங்கிட்டதில் சிலருக்கு இரண்டு மூன்று போனதாகவும் சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் ஊரில் கதை இருந்தது. உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் மாடிப்படி ஏறிவந்த வேகம் சும்மா வந்த ஆளுடைய வேகம் இல்லை என்பதுதான்.

நான் சீலைக்குப் பின்னால் இருந்தேன். அவர் நிற்பது நிழலாகத் தெரிந்தது. இந்த விளையாட்டில் இருப்பது தங்கள் பள்ளிவாசல்தான் என்றார். பச்சைக் கேற் தங்களுடையது, வேப்பமரம் தங்களுடையது, மேசைகூடத் தங்களுடையது. வரைந்தவள் தங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாப் பிள்ளை. மகளிர் படிப்பதற்கு இடம் கொடுத்ததன் பலன் இதுதானா என்றார். பேரீச்சம்பழத்தை எடுத்துவிட வேண்டும். பிள்ளையையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய வாப்பாவைத் தானே கண்டு, மகள் ஊர் மானத்தை விற்றுவிட்டாள் என்று சொல்லப் போகிறார். சொன்னால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வாப்பா நல்ல மனிதர். ஆனால் பள்ளிவாசலில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால், அடுத்த நாள் மகளை வேனுக்கு அனுப்ப மாட்டார். அவள் படித்தது எல்லாம் அலுமாரிக்குள் போய்விடும்.

ஹாஜியார் கோபத்தில் இன்னொன்றும் சொல்லிவிட்டார்.

"முந்தி ஒரு பொதிக்கு ஒரு மூட நெல்லு குடுத்தாங்க. இப்ப ஒரு தேங்காயும் தாறாங்கல்ல."

அது கடைத்தெருவில் பொதி விற்றவருக்கு மட்டும் தெரிந்த விலை. ஒரு பையன் மேசைக்குக் கீழே எதையோ தேடக் குனிந்தான். நௌபர் சேர் மட்டும், ஓம் ஹாஜியார், கஷ்டந்தான் என்றார்.

சீலையின் ஓரத்தால் பார்த்தேன். நௌபர் சேரின் கண் மூடிக்கொண்டிருந்தது.

"அடுப்பு விசயம் எல்லாம் எழுதினது ஹஸ்னாதான் ஹாஜியார். அவவ இண்டையோட நிப்பாட்டுறன். வேன்ல இப்பவே அனுப்பி வைக்கன்."

 சிம்பிளாக வைக்கச் சொன்னது யார் என்று ஹஸ்னா கேட்டிருக்கலாம். கேட்டால் மேலதிகாரியை எதிர்த்துக் கதைத்தவள் என்றும் சேர்த்து வீட்டுக்குப் போகும். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், நோன்பில் அது வெறும் போத்தல்தான் என்று கண்டு திரும்பவும் வைத்தாள்.

நான் எழும்பினேன். நான் நேரத்துக்கு முன்னால் எழும்பி அந்தக் கந்தோரில் யாரும் கண்டதில்லை. சீலை தலையில் பட்டு, என்னோடு சேர்ந்து கீழே விழுந்தது.

"மாமி, நீங்க எங்க?" என்றார் நௌபர் சேர்.

நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

"புள்ளயத் தனிய வேன்ல அனுப்பேலா சேர். அவட வாப்பாக்கு நான் வாக்குக் குடுத்த."

உண்மையாகவே வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. அவளுடைய வாப்பாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் பவானி கம்ப்யூட்டரை மூடினாள்.

"மாமி போனா நாங்க எப்பிடி இருக்கிற? எங்கட அப்பாவும் ஏசுவார்."

மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக மூடினார்கள். ஒருத்தியும் கோபப்படவில்லை, குரல் உயர்த்தவில்லை. அடக்கமான பெண் பிள்ளைகள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். நௌபர் சேர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் என்ன சொல்வார்? வயதான பெண் இல்லாத கந்தோருக்குக் குமர்ப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று ஊரில் வீடு வீடாகச் சொன்னவரே அவர்தான். என் சம்பளத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு. அவர் நெற்றியைத் துடைத்தார்.

நாங்கள் கீழே இறங்கி வேனில் ஏறினோம். நோன்போடு இருந்த சாரதி தூக்கத்திலிருந்து எழும்பி, நோன்பு திறக்க அஸான் சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். வெயில் தகித்தது. ஹஸ்னா என் பக்கத்தில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேன் புறப்படும்போது நௌபர் சேர் ஓடிவந்து யன்னலுக்குள் தலையை விட்டார். மாடியில் வேலை நின்றுவிட்டது, பெருநாளுக்கு முன் சந்தையைச் சரிசெய்யாவிட்டால் கம்பனியே இல்லை என்றார். வழக்கமாகப் பிள்ளைகளிடம் கேட்கிறவர் என்னிடம் கேட்டார், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று. அந்த வேலையில் இருந்த காலம் முழுவதிலும் நான் கதைத்த நீளமான கதை இதுதான்:

"ஹாஜியார் சொல்ல முந்தி அவட வாப்பாக்கு நீங்க சொல்லுங்க சேர். அவ கட்டுப்பாடு வைப்பம் எண்டு கேட்டதயும், நீங்க வேணாம் எண்டதயும்."

அவர் கண்ணை மூடினார். நான் காத்துக்கொண்டு இருந்தேன். இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம். கண்ணைத் திறந்து கைபேசியை எடுத்தார். நடுவீதியில், புடவைக் கடைக்காரரும் கேட்க, தொழில்நுட்பம், எதிர்பாராத நிலைமை என்று சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் ஒருவாறு சொன்னார், மகளில் பிழையில்லை, தான்தான் சிம்பிளாக வைக்கச் சொன்னது என்று. அந்தப் பக்கம் என்னைக் கேட்டார் போலிருக்கிறது. பிறகு கைபேசி என் கைக்கு வந்தது.

"இவர் சொல்றது உண்மையா?" என்றார் ஹஸ்னாவின் வாப்பா.

"ஓம்."

"நீங்க அங்கதானே இரிப்பீங்க?"

"ஓம்."

"அப்ப புள்ள வேலய முடிச்சிட்டு வரட்டும்."

ஹாஜியார் இறங்கிவந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்வரை எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேற்றின் நிறத்தையாவது மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சில நாளில் மாற்றினோம், நீலமாக. அடுத்த வாரம் நீலக் கேற் உள்ள வேறொரு பள்ளிவாசலில் இருந்து ஆள் வந்தது.

அன்றைக்கு மாடிக்குத் திரும்பியதும் ஹஸ்னா பலகையைத் துடைத்துவிட்டு, தான் முதலில் கேட்ட கட்டுப்பாட்டையே எழுதினாள். அடுப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் ஓம் சொல்ல வேண்டும். நௌபர் சேர் மூடியைக் கடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்றார். சோதனை பார்க்கத் தொடங்குகையில் பையன் ஒருவன் கீழே கிடந்த சீலையைத் தூக்கித் திரும்பவும் கட்டப் போனான். ஹஸ்னா அதை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"வேணாம். வெளியில அல்லாஹ் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ளதான் எடுக்காங்க. மாமிக்கு முன்னுக்கு எடுக்கப் பழகுங்க."

பிறகு கைபேசியை என் மடியில் வைத்தாள். "முதல்ல நீங்க மாமி."

நான் தனி அடுப்பு அமத்தினேன். பவானி ஓம் சொன்னாள், அந்தப் பையனும் ஓம் சொன்னான். அடுப்பு மூண்டது. பச்சைக் கேற்றுக்குள் போய் இரண்டாவது பொதியை எடுத்தேன்.  எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அடுப்புக்குப் பையன் உடனே ஓம் தந்தான், பவானி யோசித்தாள். யாரும் சொல்லித் தராமலே நான் அவள் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு ஒரு ஓம் தாங்க மகள். ஒங்களுக்கு நான் ரெண்டு தாறன்."

"அப்ப ஓமயும் விப்பாங்க" என்றாள் ஹஸ்னா. பிறகு துணியை எடுத்து, எழுதிய மை காய்வதற்கு முன்பே பலகையைத் திரும்பவும் துடைத்தாள்.